படர்தாமரைக்கு மெடிக்கல்ல வாங்குற அந்த க்ரீம்

வெயில் ஏற ஏற ஸ்கின் ஓ.பி.ல படர்தாமரை கூட்டம்தான். தொடை இடுக்கு, இடுப்பு, பின்பக்கம், மார்புக்கு அடியில. வட்ட வட்டமா வரும், ஓரம் மட்டும் சிவந்து தடிச்சு நடுவுல கொஞ்சம் தெளிஞ்சாப்ல இருக்கும், அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு, பஸ்ல நாலு பேர் முன்னாடி சொறியவும் முடியாம நெளிஞ்சிட்டே வரணும். இது வர்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லங்க, பூஞ்சை, வேர்வை ஊத்துற ஊர்ல வரத்தான் செய்யும். எனக்கு எரிச்சல் எதுலன்னா, டாக்டரைப் பாக்க வர்றதுக்கு முன்னாடியே முக்கால்வாசிப் பேர் மெடிக்கல்ல போய் "அண்ணே அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு வாங்கி மாசக்கணக்குல போட்டுட்டுத்தான் வர்றாங்க.

அந்த ட்யூபைத் திருப்பி பொடி எழுத்தைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. மூணு நாலு மருந்து ஒண்ணா கலந்திருக்கும். பூஞ்சைக்கு மைக்கோனசோல் மாதிரி ஏதாவது ஒண்ணு, பாக்டீரியாவுக்கு நியோமைசினோ ஜென்டாமைசினோ, கூடவே க்ளோபெட்டசால் இல்லன்னா பெட்டாமெத்தசோன். இந்தக் கடைசி ஆளுதான் வில்லன், ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால்ங்கிறது தோல்ல தடவுற ஸ்டீராய்டுலயே ரொம்ப வீரியமான வகை, சொரியாசிஸ்ல தடிச்சுப்போன தோலுக்கு நாங்களே நாள் கணக்கு பாத்துத்தான் எழுதுவோம். அதைக் கொண்டுபோய் தொடை இடுக்குல, தோல் மெல்லிசா இருக்குற, எப்பவும் மூடியே கிடக்குற இடத்துல, தினம் ரெண்டு வேளை தேச்சா என்ன ஆகும்?

முதல்ல சுகமா இருக்கும், அதான் சிக்கலே. ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும், சிவப்பு அடங்கிடும். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது, பூஞ்சையோட சண்டை போடுற நம்ம உடம்பைத்தான் அந்த இடத்துல தூங்க வைக்குது, அதனால பூஞ்சை நிம்மதியா படருது. க்ரீமை நிறுத்துனா முன்னைவிட பெருசா வருது, மறுபடி அதே ட்யூப், மறுபடி அதே சுகம். இப்படி ஓடுனதுக்கு அப்புறம் அது படர்தாமரை மாதிரியே இருக்காது. வட்டத்துக்குள்ள வட்டமா வரும், இல்லன்னா ஓரமே தெரியாம பரவி எக்ஸிமாங்கிற வேறொரு அரிப்பு நோய் மாதிரி தெரியும். டாக்டரே சில நேரம் ஏமாந்துடுவோம். அப்போ ப்ளேடால ஓரத்துல லேசா சுரண்டி, உதிர்ற செதிலை ஸ்லைடுல வச்சு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்ல பாப்போம், பூஞ்சை இருந்தா செல்லுக்கு நடுவுல நூல் நூலா கிளை விட்டு ஓடும். பெரிய செலவில்லாத டெஸ்ட், யாராவது எடுக்கச் சொன்னா எடுத்துடுங்க.

இந்த ஸ்டீராய்டு க்ரீமைப் போட்டே தோல் கெட்டுப்போய் காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். ரெண்டு தொடையிலயும் உள்பக்கம் விரல் அகலத்துக்கு சிவப்புக் கோடு கோடா, பிரசவமான பொண்ணுங்களுக்கு வயித்துல விழுமே அந்த மாதிரி. "அரிப்பு பரவால்ல டாக்டர், இந்தக் கோடு போறதுக்கு மட்டும் ஒரு க்ரீம் எழுதிக் குடுங்க"ன்னான். அந்தக் கோடு முழுசா போகாதுப்பா, நிறம் மங்கும் அவ்ளோதான்னு சொன்னதும் மூஞ்சி செத்துப்போச்சு.

இன்னொரு தலைவலி. முன்னெல்லாம் டெர்பினாஃபின்ங்கிற பூஞ்சை மருந்து குடுத்தா சட்டுனு கேக்கும், இப்போ நிறைய பேருக்குக் கேக்குறதில்ல. அந்த மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020ல ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேன்னு பேர் வச்சாங்க, பேர்லயே நம்ம நாடு இருக்கு, பெருமைப்படவா முடியும். 2023ல நியூயார்க்லயே ரெண்டு பேருக்கு இது இருந்ததா ரிப்போர்ட் வந்துச்சு. இது இவ்ளோ பரவுனதுக்கு ஸ்டீராய்டு கலந்த இந்த க்ரீமும் ஒரு காரணம்னு எங்க ஆளுங்க ரொம்ப நாளா கத்திட்டு இருக்கோம். 2018ல வீரியமான ஸ்டீராய்டு க்ரீமெல்லாம் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கவர்மென்ட்டும் உத்தரவு போட்டுச்சு. சீட்டு கேக்குற கடை எத்தனை இருக்குன்னு நீங்களே போய்ப் பாருங்க.

சரி, வந்துடுச்சு, என்ன பண்றது? பூஞ்சை மருந்து மட்டும் இருக்குற க்ரீமா போடுங்க, வட்டத்துக்கு வெளிய ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி ஆரம்பிச்சு உள்பக்கமா தடவுங்க, ஏன்னா கண்ணுக்குத் தெரியாத ஓரத்துலதான் பூஞ்சை உயிரோட இருக்கும். மறைஞ்சதும் நிறுத்தாதீங்க, அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் போடணும், மொத்தத்துல இப்பல்லாம் நாலு வாரம் ஆறு வாரம்னு இழுக்கத்தான் செய்யுது. நிறைய இடத்துல இருந்தா மாத்திரை வேணும், அதை நீங்களா வாங்கிப் போடாதீங்க. இட்ராகோனசோல் போடுறவங்க கூடவே கேஸ் மாத்திரையும் போட்டா மருந்து உடம்புல சரியா ஏறாது, ஹார்ட் பிரச்சனை இருக்குறவங்களுக்கு அது ஆகவும் ஆகாது. பூண்டை அரைச்சு வச்சுக் கட்டி தோல் வெந்துபோய் வர்றவங்களும் உண்டு, தயவுசெஞ்சு வேண்டாம்.

துணி விஷயம் மருந்து அளவுக்கே முக்கியம். ஜீன்ஸ், லெக்கின்ஸை கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைங்க. ஈர ஜட்டியை அவசரத்துக்கு மாட்டாதீங்க, துண்டு ஆளுக்கு ஒண்ணு, துணியை வெந்நீர்ல துவைச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி வெயில்ல போடுங்க. அரைஞாண் கயிறு கட்டியிருந்தா அதைக் கழட்டுங்க, வேர்வையில ஊறிக் கிடக்குற கயிறுதான் பூஞ்சைக்கு வீடு. சாமி கயிறு டாக்டர்னு தயங்குவாங்க, குணமானதும் புதுசா கட்டிக்கோங்கன்னு சொல்லுவேன்.

இதே ஸ்டீராய்டை வெள்ளையாகுறதுக்குன்னு மூஞ்சிலயும் பூசுறாங்க, அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுறேன். இப்போதைக்கு ஒண்ணு, மாசக்கணக்கா போட்டிருந்தா பயந்துபோய் திடீர்னு நிறுத்தாதீங்க, மூஞ்சி எரிஞ்சு சிவந்துடும், டாக்டரைப் பாத்துட்டு அவர் சொல்ற மாதிரி நிறுத்துங்க. கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் ஓ.பி. இருக்கு, ஃப்ரீதான்.

வர்றப்ப தனியா வராதீங்க. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களையும் பாக்கணும், இல்லன்னா ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு ஒட்டிட்டே இருக்கும். முக்கியமா வீட்டுப் பொம்பளைங்க, பாவாடை நாடா கட்டுற இடத்துல சுத்திப் படர்ந்திருக்கும், யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க, நீங்க வாங்கி வச்ச ட்யூபைத்தான் எடுத்துப் போட்டுட்டு இருப்பாங்க.