லண்டனில் மகனுக்கு ஏடிஎச்டி குளிசை தொடங்கிய விதம்

மகனுக்கு ஒன்பது வயதில் ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) என்று உறுதிசெய்தார்கள். சிறுவர் மனநலப் பிரிவில் எங்கள் முறை வரவே ஒரு வருசத்துக்கு மேல் போய்விட்டது. முறை வந்த அன்றே மருந்து கையில் கிடைக்கும் என்று காத்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

முதலில் பெற்றோருக்கான வகுப்பு. வகுப்பறையில் அவனை முன்வரிசைக்கு மாற்றினார்கள், வேலையைச் சிறுசிறு துண்டாகக் கொடுத்தார்கள். இவ்வளவும் செய்த பிறகும் பிள்ளை கஷ்டப்பட்டால்தான் மருந்தைப் பற்றிக் கதைப்பார்கள். இங்கே சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டியும் அப்படித்தான் சொல்கிறது.

குளிசைக்கு முன் உயரம், நிறை, நாடித்துடிப்பு, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். குடும்பத்தில் இதய வருத்தம் இருக்குமோ என்று அறிய, யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்ததுண்டா என்று டொக்டர் கேட்டார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமியிடம் போனில் விசாரித்தபோது, "சின்னப்பிள்ளைக்கு என்னத்துக்கு மூளைக்குக் குளிசை?" என்று அழுதுவிட்டார். அவருக்கு விளங்கப்படுத்தத்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது.

குளிசையின் பெயர் மெதில்பெனிடேட், 18 மில்லிகிராமில் தொடக்கம். நாள் முழுக்க மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை என்பதால் கடிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். பிறகு 27, பிறகு 36. ஒவ்வொரு படிக்கும் முன்னும் பின்னும் நாடியும் பிரஷரும் பார்த்தார்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று ரீச்சரும் நானும் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். அந்தப் படிவத்தை ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில் பாதி அதுதான்.

27 இல் ஒருநாள் வந்து, "அம்மா, இண்டைக்கு ரீச்சர் சொன்னது முழுக்கக் கேட்டனான்" என்றான். ஆனால் மருந்து பசியைக் குறைத்ததால் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது. அதனால் குளிசைக்கு முன் வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, இரவு எட்டு மணிக்குப் பசி திரும்பும்போது புட்டும் முட்டைப் பொரியலும் என்று மாற்றிக்கொண்டோம்.

36 இல் ஆள் அடங்கிப்போனான். சிரிப்பில்லை, தங்கச்சியோடு சண்டைகூட இல்லை. "அமைதியா இருக்கிறான், நல்லதுதானே" என்றார்கள் வந்த சொந்தக்காரர். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. பிள்ளைக்கு உதவத்தான் மருந்து, மற்றவர்களின் நிம்மதிக்காக இல்லை. அன்றே தாதிக்குப் போன் எடுத்தேன். டொக்டரோடு கதைத்துத் திரும்ப 27 க்கு இறக்கினார்கள். அளவைக் கூட்டுவது போலவே குறைப்பதும் இந்தச் சிகிச்சையில் சாதாரணம். கேட்கத் தயங்காதீர்கள்.

அளவு நிலைத்த பிறகு மருந்துச்சீட்டு குடும்ப வைத்தியரிடம் மாறியது. இது கட்டுப்பாட்டு மருந்து, அதாவது தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதால் சட்டம் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தும் மருந்து; சீட்டு 28 நாட்களுக்குத்தான் செல்லும், பெரும்பாலும் ஒரு மாத அளவுக்கு மேல் தரமாட்டார்கள். 2023 கடைசியில் நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது பார்மசி பார்மசியாக அலைந்தோம். அன்றிலிருந்து பெட்டியில் பத்துக் குளிசை மிஞ்சும்போதே அடுத்த சீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதத்துக்கொருமுறை உயரம் பார்க்கிறார்கள். வருசாந்தப் பரிசோதனையில் மருந்து இன்னும் தேவையா என்பதையும் பேச வேண்டும். வருகிற முறை அந்தக் கேள்வியை முதலில் மகனிடமே கேட்கும்படி டொக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.