பின்வரிசை மூன்று பிளக்குகள்

"இந்த வான் வண்டிக்கு இவ்வளவு காசு போடத்தான் வேணுமோ அங்கிள்?" கராஜில் நின்ற தமிழ்ப் பையன் கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான். பிளக், ஒயில், ஃபில்டர் மாற்றி டியூனப் செய்ய வரியோடு 800 டொலருக்கு மேல் என்று தாளில் எழுதியிருந்தது. எஞ்சினுக்குள் பொறி தட்டும் ஆறு ஸ்பார்க் பிளக்கின் விலை அதில் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கூலி. எனக்குக் காசைவிட அந்தக் கேள்விதான் குத்தியது. 2008ஆம் ஆண்டு வான் அது. மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். 2,12,000 கிலோமீற்றர் ஓடியும் ஒரு பனிக்காலத்தில்கூட எங்களை நடுவழியில் விட்டதில்லை.

சரி, நானே செய்கிறேன் என்று சாமானை வாங்கிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை காலை, கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தொடங்கினேன். சூட்டோடு கழற்றினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டின் திருகுப்புரி பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். ஒயில், ஒயில் ஃபில்டர், காற்று ஃபில்டர் எல்லாம் பெரிய வேலையில்லை. முன்வரிசை மூன்று பிளக்கும் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்றி, குழிக்குள் கிடந்த மண்ணைக் காற்றடித்து வெளியேற்றி, நீள சொக்கற்றை இறக்கினால் வந்துவிடுகிறது.

பின்வரிசைதான் பிரச்சினை. குறுக்காக வைத்த வி6 எஞ்சினில் பின்பக்க மூன்று பிளக்கும் வானின் உட்சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வைப்பரைக் கழற்று, அதன் கீழே உள்ள தட்டைக் கழற்று, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் பெரிய குழாய்த்தொகுதியைக் கழற்று, அதன் பொருத்தில் கசியாமல் வைக்கப் புது காஸ்கெற் வாங்கு. 800 டொலர் எங்கே போகிறது என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாம் கழற்றியும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைவிரல்தான் பார்க்க வேண்டும். ஒரு வண்டிக்கு அடிக்கடி தேவைப்படும் சாமானை ஏன் இப்படி ஒளித்து வைக்கிறார்கள் என்று அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அடிக்கடி தேவைப்படாது என்பதுதான் அவர்களின் கணக்கு. இரிடியம் நுனி வைத்த பிளக் இரண்டு லட்சம் கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடும். அப்படிப் பார்த்தால் ஒரு தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து பொனற்றைத் திறந்து பிளக் மாற்றுவது வாழ்நாளில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை.

நானும் அப்பாவும் அதைக் கிழமைக்கு இரண்டு தரம் செய்தோம். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. அப்பாவின் வாடகைக் கார், பழைய ஒஸ்ரின், மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலை கார்புரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்ராற் பண்ணி, எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகைக்கு பிளக் கரி பிடித்து அடைத்துவிடும். பொனற்றைத் தூக்கினால் நாலு பிளக்கும் எஞ்சினின் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும். கழற்றுவது அப்பா, வயர் பிரஷ்ஷால் தேய்ப்பது நான். இடைவெளி பார்க்க இரும்பறுக்கும் ஆக்சோ பிளேட் துண்டொன்றை நுனிக்குள் விட்டுப் பார்ப்பார், அந்தக் கனம்தான் அளவு.

இங்கே வந்து 24 வருடமாகிறது. இது என் ஊர் என்று யாருக்கும் தயங்காமல் சொல்வேன். பனி வழிக்கவும் தெரியும், உப்புப் போட்ட தெருவில் வான் கறள் பிடிக்காமல் கழுவவும் தெரியும். ஆனால் பின்வரிசைக் குழிக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது நான் நின்றது செம்மணி வெளியில். 1995 ஒக்ரோபர் கடைசி. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடக்கிறது, மழை, கார் ஒரு அடி நகர்ந்தால் பத்து நிமிடம் நிற்கிறது. அப்படி நின்று நின்று எஞ்சின் ஆறி, ஒரு பிளக் செத்துப்போனது. உள்ளே அப்பம்மாவும் அயல்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியும். வெளிச்சம் ஏதுமில்லை. அப்பா இருட்டில் விரலாலேயே எந்தப் பிளக் என்று கண்டுபிடித்து, கழற்றி, சறத்தில் துடைத்து, திரும்பப் பூட்டினார்.

அவருக்கே போன் எடுத்தேன். இங்கே காலை 10 மணி, அங்கே ஊரில் இரவு ஏழரை. மகள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கழட்டினதைக் காட்டு" என்றார். காட்டினேன். "நுனி பிஸ்கட் நிறத்தில கிடக்கு, நல்லா எரியுது. இந்த ஒண்டில மட்டும் மேலால எண்ணெய் பிடிச்சிருக்கு, அது மேல்மூடிச் சீல். எஞ்சின் சுகமா இருக்கு தம்பி." 82 வயது, ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர்.

"புதுசைக் கையால ஏத்த ஏலாதெண்டால் ரப்பர் குழாய்த்துண்டில செருகித் திருப்பு. புரி பிழைச்சால் குழாய் வழுக்கும், நீ முறிக்க மாட்டாய்."

தோட்டத்துக் குழாயில் ஒரு துண்டு வெட்டினேன். கடைசிப் பிளக்கை மகளிடம் கொடுத்தேன். அவளுடைய கை சின்னது, என்னைவிட நன்றாக உள்ளே போனது. குழாய் இரண்டு தரம் வழுக்கியது, மூன்றாம் தரம் புரி பிடித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்து "அப்பப்பா, ஏறிட்டுது!" என்று கத்தினாள்.

"பழசை எறிஞ்சு போடாதையுங்கோ, வரேக்க கொண்டு வாங்கோ" என்றார் அவர். ஒஸ்ரினைப் பழைய இரும்புக்குக் கொடுத்து 20 வருடத்துக்கு மேலாகிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறோம், ஆறு பிளக்கையும் எந்தெந்தக் குழியில் இருந்தவை என்று இலக்கம் எழுதி, தினத்தாளில் சுற்றிச் சூட்கேசில் வைத்திருக்கிறேன்.