ஓத அட்டவணைக்கும் நீரோட்டத்துக்கும் இடையில்

கடல் தூண்டில் பிடிப்பில் இறங்கிய முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுவிட்டேன். தேதி, பிறை, கடல் ஏற்றம் உச்சமடையும் நேரம், காற்று, கிடைத்த மீன் என்று அதில் ஐந்து கட்டங்கள் இருந்தன. 14 மாதங்களில் கழிமுகத்துக்கும் கரையோரத்துக்கும் 41 முறையும், படகில் ஆழ்கடலுக்கு 9 முறையும் போயிருக்கிறேன். வெப்பமான கடல் என்பதால் குளிர்கால ஓய்வு என்று ஒன்று வாய்க்கவில்லை. அந்த ஐந்து கட்டங்களில் இன்று மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவை நான்கு.

முதலில் தோற்றது ஏற்ற நேரக் கட்டம். ஏற்றம் முடிந்து நீர் வற்றத் தொடங்கும் முதல் மணி நேரத்தில் கொடுவா நன்றாகக் கடிக்கும் என்று கேள்விப்பட்டு, ஓத அட்டவணையில் (கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலில்) கண்ட உச்ச நேரத்துக்கே கழிமுகத்தில் போய் நிற்பேன். ஒரு மணி நேரம் லூரை (செயற்கை இரையை) எறிந்து கை ஓய்ந்ததும் திரும்பிவிடுவேன். இப்படிப் பதினோரு முறை வெறுங்கையோடு வந்த பிறகு, ஒரு நாள் சோம்பலில் பாறையிலேயே உட்கார்ந்திருந்தபோதுதான், உச்சம் கடந்து வெகுநேரம் ஆகியும் மிதந்து வந்த சருகுகள் கடலை நோக்கித் திரும்பாமல் உள்ளேயே போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

காரணம் எளிமையானது. அட்டவணை சொல்வது நீரின் உயரத்தை. ஓட்டத்தின் திசையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அகன்ற காயலுக்குக் குறுகலான வாய் இருந்தால், வெளியே கடல் உச்சத்தைத் தொட்ட நேரத்தில் உள்ளே நீர்மட்டம் இன்னும் தாழ்ந்தே இருக்கும். இரண்டும் சமமாகும்வரை நீர் உள்ளேதான் பாயும். அதன் பிறகே நின்று திரும்பும். ஒரு பாட்டிலில் பாதி நீர் நிரப்பி நூலில் கட்டி மிதக்கவிட்டு மூன்று நாள் அளந்து பார்த்ததில், என் கழிமுகத்தில் இந்தத் தாமதம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று தெரிந்தது. மீன் சரியான நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அது வரும் நேரத்தில் நான் வீடு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த முறை அட்டவணை நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போய், வெளியேறும் நீர் இறாலையும் மடவைக் குஞ்சுகளையும் அள்ளிவரும் ஓட்டத்தின் விளிம்பில், பாறையின் நிழலோரமாக எறிந்தேன். நான்காவது எறிதலில் முதல் கொடுவா சிக்கியது.

மழைக்குப் பிறகு இந்தக் கணக்கும் மாறுகிறது. ஆற்று நீர் கூடுதலாக வருவதால் ஓட்டம் சீக்கிரமே கடலை நோக்கித் திரும்பி, வற்றின் கடைசி தாண்டியும் நீண்ட நேரம் வெளியே பாய்கிறது. அதோடு, நன்னீர் எடை குறைந்தது என்பதால் கலங்கிய நீர் மேலே ஒரு போர்வைபோலக் கிடக்க, உப்பு நீர் அடியில் தங்கிவிடுகிறது. மேற்பரப்பில் ஓடும் பாப்பரைக் கழற்றிவிட்டு, அடியைத் தொட்டு வரும் ஜிக்கைப் போட்டபோதுதான் அந்த நாட்களில் கடி கிடைத்தது.

நீரின் வெப்பநிலைக் கட்டத்தைப் பின்னால் சேர்த்தேன். சாதாரண உப்புள்ள கடல்நீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 6.2 அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பாசி மண்டிய, அசைவற்ற ஆழமில்லாத காயலில் இரவு முழுவதும் எல்லா உயிர்களும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடியலுக்குச் சற்று முன்பே அது மிகவும் குறைந்திருக்கும். கோடையில் விடியற்கருக்கலில் காயலின் உட்பகுதியில் நின்று நான் இழந்த தூக்கத்துக்கு இப்போது காரணம் புரிகிறது. அந்த மாதங்களில் விடியலில் போனால், நீர் ஓடும் வாய்ப்பகுதியைவிட்டு நான் நகர்வதில்லை.

ஆழ்கடலில் என்னை ஏமாற்றியது அலை உயரம். முன்னறிவிப்பில் காணும் உயரம், அலைகளை வரிசைப்படுத்தினால் மேலே வரும் மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை அதன் இரு மடங்கைத் தொடுவதும் உண்டு. 1 மீட்டர் என்று போட்டிருந்த இரண்டு நாட்களில் ஒரு நாள் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தேன். மறுநாள் படகு தொட்டில்போல ஆடியது. வேறுபாடு அலைக்காலத்தில், அதாவது ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரத்தில் இருந்தது. ஆழமான நீரில் 5 வினாடி அலையின் நீளம் 39 மீட்டர்தான்; 10 வினாடி அலைக்கு அது 156 மீட்டர். உயரம் ஒன்றே என்றாலும், முன்னது சுவர்போல முட்டுகிறது, பின்னது தூக்கி இறக்குகிறது. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருந்தால் முன்னது இன்னும் செங்குத்தாகிவிடும். எனவே அலைக்காலத்துக்கு ஒரு கட்டம் போட்டேன்.

மீனைப் பொறுத்தவரை, வெளியே முக்கியமாகத் தேட வேண்டியது விளிம்பு என்றே இப்போது நம்புகிறேன். ஒரே நீலமாக விரிந்து கிடக்கும் நீரில் மணிக்கணக்கில் லூரை இழுத்துச் சென்றும் பயனில்லை. பச்சை நீர் முடிந்து நீலம் தொடங்கும் கோட்டையொட்டி, நுரையும் குப்பையும் சேர்ந்திருக்கும் இடத்தில் ட்ரோலிங் செய்தபோது (ஓடும் படகின் பின்னால் லூரை இழுத்தபோது) வஞ்சிரம் அடித்தது. அதன் பல்லுக்கு இரண்டு லீடர்களை (லூரை ஒட்டிக் கட்டும் முனை நூல்களை) பறிகொடுத்த பிறகே கம்பி லீடருக்கு மாறினேன். மிதந்து வந்த ஒரு மரக்கட்டையின் கீழே மஹி மஹி மீன் கூட்டம் நின்றதும் அதே கோட்டில்தான். பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) அடிமீன் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்: ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கும்போது காற்றுப்பை உப்பிவிடுவதால், சிறிய மீனை மேலே விட்டாலும் அது தானாக இறங்க முடியாமல் மிதக்கிறது.

ஒன்பதாவது பயணத்தில் நோட்டில் இருந்த நீரோட்டத் தாமதக் கணக்கும் அலைக்காலக் கணக்கும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. 10 வினாடி அலைக்காலம் என்று மகிழ்ந்து வெளியே போனோம். நாளும் அருமையாகவே கழிந்தது. ஆனால் அந்த நீண்ட அலை, ஆழம் குறையும் கழிமுக மணல்திட்டில் ஏறும்போது உயர்ந்து நிமிர்கிறது. வெளியேறும் நீரோட்டம் அதற்கு எதிராகப் பாய்ந்தால் அங்கேயே உடைந்து விழுகிறது. வெள்ளுவா (முழுநிலவு) முடிந்த மறுநாள் என்பதால் வற்றின் வேகமும் அதிகம். வாயை நெருங்கியபோது குறுக்கே முழுவதும் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அட்டவணைப்படி வற்று அடியைத் தொட இன்னும் இருபது நிமிடமே இருந்தது என்றாலும், நீர் நிற்பதற்கு அதற்குமேல் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்தோம். படகை ஓட்டிய நண்பர் முதலில் நம்பவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து நுரை அடங்கியதும் உள்ளே வந்தோம்.

பிறைக்கென்று இருந்த தனிக் கட்டத்தை அன்றிரவே அடித்துவிட்டு, அந்த இடத்தில் அன்றைய ஓத வீச்சை (ஏற்றத்தின் உச்சத்துக்கும் வற்றின் அடிக்கும் உள்ள உயர வேறுபாட்டை) எழுதத் தொடங்கினேன். தாமதம் எல்லா நாளும் ஒன்றரை மணி நேரமாகவே இருக்கிறதா, வீச்சு குறைந்த எட்டாம் பிறை நாட்களில் மாறுகிறதா என்று பார்க்க, பாட்டிலும் நூலும் இப்போது தூண்டில் பெட்டியிலேயே கிடக்கின்றன.