கரண்டிவாயன்

சைக்கிள் செயின் கழன்றது நல்லதாகப் போயிற்று.

இங்கிலாந்தில், ஹோல்கம் சதுப்புநிலத்தின் ஓரம். கையெல்லாம் கிரீஸோடு குனிந்திருந்தேன். "என்னங்க, அங்க பாருங்க" என்றாள் மனைவி.

வெள்ளையாக நான்கு பறவைகள். முதலில் கொக்கு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அலகைப் பார்த்தேன். கரண்டிவாயன்! கறுப்பு அலகு, நுனியில் மட்டும் மஞ்சள், தட்டையான அகப்பை. அதை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கிறது. அடிப்பிடிக்காமல் பாயசம் கிண்டுகிற மாதிரி. ஏதோ தட்டுப்பட்டதும் டக்கென்று மூடி, தலையை மேலே தூக்கி, ஒரே விழுங்கு.

பிரிட்டனில் 300 வருஷத்துக்கும் மேலாக இது கூட்டமாகக் கூடு கட்டவில்லையாம். சதுப்பை வடித்து வயலாக்கினார்கள், பறவையையும் பிடித்துத் தின்றார்கள். 2010இல்தான் இங்கே, இந்த நார்ஃபோக் கரையில், திரும்பக் குடியேறியது.

நாங்களும் காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். (ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி மட்டும் யாரும் கேட்காதீர்கள்.)

இதே பறவை வேடந்தாங்கலுக்கு வருஷா வருஷம் வரும். மதுராந்தகத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஸ்கூலில் கூட்டிப்போன ஒரு தடவையோடு சரி. அன்றைக்கும் பார்த்தது பறவையை அல்ல, ஐஸ் வண்டியை.

"ஊருக்குப் போறப்ப போலாமா?" என்றாள்.

செயினை மாட்டிவிட்டேன். கிளம்பத்தான் மனசில்லை.