எங்க அண்ணன், கொத்தனார்

அண்ணனப் பத்தி எழுதலாம்னு உக்காந்தா நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவருன்னு தான் முதல்ல வருது, அது பொய் இல்ல, ஆனா அத படிச்சு அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு யாருக்கும் புரியாது. அதனால நேரா சொல்லிடறேன். அவரு ஒரு கொத்தனார், அதோட படு அவசரக்காரர்.

போன்ல நாம "சரிண்ணே"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கட் பண்ணிடுவாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு தான் செருப்பே தேடுவாரு. எங்கயாவது க்யூல நிக்க சொன்னா போதும், பக்கத்துல இருக்கறவங்களயும் சேத்து டென்ஷன் ஆக்கிடுவாரு. எங்க அண்ணி இத எப்படி தான் சமாளிச்சாங்களோ, அவங்களுக்கே ஒரு தனி பதிவு போடணும்.

ஆனா இந்த மனுஷன், சுவர் நேரா நிக்குதான்னு பாக்க நூல்ல கட்டி விடற தூக்குக்குண்ட தொங்கவிட்டுட்டு அது ஆடி ஓயற வரைக்கும் அப்படியே நிப்பாரு பாருங்க. லீவுல நான் அவர் கூட சித்தாள் வேலைக்கு போவேன், பாண்டு சட்டி தூக்கி தூக்கி எனக்கு கழுத்து போயிடும், அவரு பாட்டுக்கு ஒரு கல்ல வச்சு, மட்டம் சரியா இருக்கான்னு ரசமட்டம் வச்சு பாத்து, திரும்ப எடுத்து, திரும்ப வைப்பாரு. மூலை எடுக்கறதுக்கு 3, 4, 5 கணக்கு தான், ஒரு பக்கம் மூணடி இன்னொரு பக்கம் நாலடி அளந்து குறுக்க சரியா அஞ்சடி வந்தா மூலை சரி. ஸ்கூல்ல பிதாகரஸ் தேற்றம் வந்தப்போ இது நம்ம அண்ணன் நூல் புடிக்கற கணக்காச்சேன்னு தான் எனக்கு தோணுச்சு.

அவர் கூட இருந்து தான் சுவர எப்படி பாக்கணும்னே கத்துகிட்டேன். ரெண்டு கல்லு சேர்ற ஒட்டுக்கு மேல அடுத்த வரிசை ஒட்டு நேரா வரக்கூடாது, வந்தா விரிசல் அந்த வழியாவே ஏறும். செங்கல்ல கட்டறதுக்கு முன்னாடி நல்லா நனைக்கணும், இல்லனா கலவைல இருக்கற தண்ணிய கல்லே உறிஞ்சிடும். தூணும் செங்கல் சுவரும் சேர்ற எடத்துல கம்பி வலை அடிச்சிட்டு தான் பூசணும். இதெல்லாம் பூச்சு முடிஞ்சா வெளில தெரியாத சமாச்சாரம், அதுக்கு தான் அவரு அவ்ளோ நேரம் எடுத்துப்பாரு.

தண்ணி விஷயத்துல மட்டும் அவர் கிட்ட வாய் குடுக்க முடியாது. "பூசியாச்சு, காய விட்ற வேண்டியது தான"ன்னு யாராவது சொல்லிட்டா அவ்ளோ தான். சிமெண்ட் காஞ்சு இறுகறது இல்ல, தண்ணியோட சேந்து தான் இறுகுது, ஈரம் பாதில போயிட்டா பலமும் பாதில நின்னுடும். கான்கிரீட்டோட பலத்த 28 நாள் கழிச்சு பாத்து தான் கணக்கு சொல்றாங்க. அண்ணன் இவ்ளோ விளக்கமா எல்லாம் பேச மாட்டாரு, "அதுக்கு இன்னும் தாகம் அடங்கலடா" அவ்ளோ தான். கூலி வாங்கி முடிச்ச வேலைக்கு கூட சாயந்தரம் போற வழில எறங்கி, ஓஸ் எடுத்து சுவர் முழுக்க நனைச்சிட்டு தான் வீட்டுக்கு வருவாரு. அண்ணி காத்துகிட்டு இருப்பாங்க. கேட்டா "அஞ்சு நிமிஷம் தான் ஆச்சு"ம்பாரு, அவரோட அஞ்சு நிமிஷம் எவ்ளோன்னு எங்களுக்கு தெரியாதா!

இறுக ஆரம்பிச்ச கலவைல தண்ணி ஊத்தி கெளறி திரும்ப அடிக்கறது அவருக்கு சுத்தமா ஆகாது. இதுக்காக ஒரு ஓனரோட பெரிய சண்டையே நடந்துச்சு, வீணாக்கறீங்கன்னு அவரு கத்த, இவரு மீதி கலவைய அப்படியே ஓரமா கொட்டிட்டு "இத என் கூலில புடிச்சுக்கோங்க"ன்னுட்டாரு. புடிச்சும் விட்டாரு அந்த ஆளு. எனக்கு இன்னைக்கும் அதுல கோவம் இருக்கு, அண்ணன் அன்னைக்கே மறந்துட்டாரு.

அவர் கை எனக்கு அப்படியே நியாபகம் இருக்கு. ஈர சிமெண்ட் தோல அரிக்கும், வருஷக்கணக்கா அதுலயே புழங்கி விரல் நுனில ரேகையே தேஞ்சு போச்சு. புது போன் வாங்கி குடுத்து விரல் வச்சா தெறக்கும்ணேன்னு காமிச்சேன், அது அவர் விரல விரலாவே மதிக்கல. ரெண்டு தடவ வச்சு பாத்துட்டு "இது நம்மள ஆளாவே சேத்துக்கல, நம்பர போட்டு குடு"ன்னு சிரிச்சாரு. கையுறை போடுண்ணேன்னு எத்தன தடவ சொல்லியிருப்போம், கரண்டி புடி தெரியாதுன்னு கழட்டி வச்சிடுவாரு. இந்த வேலைல இருக்கறவங்க வீட்ல யாராவது இத படிச்சா தயவுசெஞ்சு போட வைங்க, சண்டை போட்டாவது.

உடம்புக்கு முடியாம போன நாட்கள பத்தி நான் எழுதப்போறது இல்ல. அந்த படுக்கைல இருந்தது எங்க அண்ணன் மாதிரியே இல்ல, எதுக்கும் அவசரமே படல.

அவரோட கரண்டி, பூச்ச தேச்சு சமமாக்கற மணியாசு கட்டை, ரசமட்டம் எல்லாத்தையும் அவர் கிட்ட வேல கத்துகிட்ட பையன் கிட்ட குடுத்துட்டோம், அவன் இப்ப தனியா வேல எடுத்து செய்யறான். அப்பப்ப எனக்கு போன் வரும். நான் ஆபீஸ்ல கணக்கு பாக்கறவன், என் கிட்ட என்னத்த கேக்க போறான்னு நினைப்பீங்க. போன வாரம் கூட ஒரு ஓனர் சுவர ஒரே நாள்ல முழு ஒசரத்துக்கும் தூக்க சொல்லி நெருக்கறாருண்ணே, அண்ணன் சொல்றத நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணேன்னு போன அவர் கைல குடுத்துட்டான். நானும் அண்ணன் மாதிரியே படபடன்னு சொன்னேன், ஒரு நாளைக்கு அஞ்சடிக்கு மேல போகாதீங்க சார், கீழ் வரிசை கலவை இறுகறதுக்குள்ள மேல பாரம் ஏறினா சுவர் தூக்கு விட்டு சாஞ்சு போயிடும்னு. நீங்க இஞ்சினியரான்னு கேட்டாரு. இல்ல சார், கொத்தனார் தம்பின்னேன். முணுமுணுத்துகிட்டே மீதிய மறுநாளுக்கு விட்டுட்டாராம்.