நிற்காது என்று சொல்லியிருக்கலாமா

முழுதாகச் செத்துப்போன வண்டி ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குத் தொல்லை தருவதில்லை. பேட்டரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டே போனால், விளக்கு எரியாத இடத்தில் பழுது அகப்பட்டுவிடும். ஓடும்போது அணைந்து, ஓரங்கட்டிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிற வண்டிதான் நம்மை அலைக்கழிக்கும், ஏனென்றால் நம் கைக்கு வரும்போது அது நல்ல வண்டியாகத்தான் வருகிறது. அப்படி வந்த ஒரு டீசல் எஸ்யூவியையும், அதன் உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் சொன்ன பதிலையும் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அது சரியான பதில்தானா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

வண்டி 2008 மாடல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்ததும் நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த வெள்ளத்தில் டீச்சரம்மாவின் வண்டி ஃபுட்போர்டு மூழ்க நின்றிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு கார்பெட்டைக் கழற்றி வெயிலில் காயப்போட்டு, ஆயில் மாற்றி, ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பல மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகுதான், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே மீட்டர் போர்டின் முட்கள் எல்லாம் ஒன்றாக விழுந்து, எஞ்சினும் அணைவது தொடங்கியது. என்னிடம் வருவதற்கு முன்னால் வெவ்வேறு இடங்களில் பேட்டரியை மாற்றியிருந்தார்கள், எஞ்சின் சுழல்வதைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சாரை மாற்றியிருந்தார்கள், மெயின் ரிலேயையும் மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இனி வராது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் வராமலும் இருந்திருக்கிறது. அவ்வப்போது தலைகாட்டும் பழுதின் குணமே இதுதான்: எதை மாற்றினாலும் சில நாள் குணமானதுபோல் தெரியும், மாற்றியவருக்கும் தாம் செய்தது பலித்துவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடும்.

டீச்சரம்மாவின் கணவருக்கு அப்போது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மாலை வண்டியை விட்டுவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலையில் வேண்டும் என்றார். வண்டியை ஓட்டும் டிரைவர் கூட வந்திருந்தார். நான் அவரிடம் முதலில் கேட்டது, வண்டி நின்றபோது ஹெட்லைட் எரிந்ததா என்பதுதான்.

"கிருமாம்பாக்கம் தாண்டி நின்னப்ப இருட்டு அண்ணே. லைட்டு பாட்டுக்கு எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு. சாவியத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்துல வந்துடுச்சு."

அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஹெட்லைட் எரிந்திருக்கிறது என்றால் பேட்டரி டெர்மினலிலும் மெயின் ஃப்யூசிலும் குறையில்லை. புது பேட்டரிக்கான செலவு வீண். கிராங்க் சென்சார் மட்டும் போயிருந்தால் எஞ்சின் அணையும், ஆனால் டீசல் முள்ளும் சேர்ந்து விழ வேண்டிய காரணமில்லை. மீட்டர் போர்டுக்கும் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்முக்கும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றுதான் விட்டுப்போகிறது. அந்த வண்டியின் ஒயரிங்கில் அப்படிப் பொதுவானவை இரண்டு. ஒன்று, இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் கிக் பேனலுக்குப் பின்னால் பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட், அதாவது கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் இணைப்பு. மற்றொன்று இக்னிஷன் சுவிட்ச். வெள்ளத்தில் மூழ்கியது முதலாவது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபின் உயிர் வந்தது என்று டிரைவர் சொன்னது இரண்டாவதைச் சுட்டியது.

எர்த்தில் இருக்கும் குறையை ஓம்ஸில் வைத்து அளக்கக் கூடாது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. மல்டிமீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே உள்ள தடை, நாம் தேடும் தடையைவிட அதிகம். வண்டி ஓடும்போது, லைட், ஏசி போன்ற மின்சார லோடு இருக்கும்போது, பேட்டரியின் மைனஸுக்கும் இசிஎம்மின் எர்த் பின்னுக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும், 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டரை, குறைந்த அளவையும் அதிக அளவையும் பதிவுசெய்து வைக்கும் மின்-மேக்ஸில் (min-max) போட்டு, நீளமான ஒயர் இழுத்து உள்ளே வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு ஹெட்லைட், ஏசி புளோயர், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மஞ்சக்குப்பத்திலிருந்து கன்னியக்கோவில் வரை ஓட்டிப் போய் வந்தேன். அதிகபட்சமாக 0.3 வோல்ட் பதிவாகியிருந்தது. இருக்க வேண்டியதைவிட அது மிக அதிகம். ஆனால் 0.3 வோல்ட் இழப்பில் எந்த எஞ்சினும் அணையாது, அன்றைக்கும் அணையவில்லை. அந்த ஒயரில் போவது 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் தடை 0.03 ஓம். அதுவே ஏதோ ஓர் அதிர்வில், ஏதோ ஒரு சூட்டில் இருபது மடங்கானால் 6 வோல்ட் விழுந்துவிடும், டைனமோ 14 வோல்ட் கொடுத்தாலும் இசிஎம்முக்கு 8-தான் மிஞ்சும், அது மயங்கிவிடும். இருபது மடங்காகுமா? ஆகலாம். ஆனதை நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிக் பேனலைக் கழற்றினேன். போல்ட் துரு இல்லாமல், பார்க்கப் பளிச்சென்று இருந்தது. யாராவது எட்டிப் பார்த்திருந்தால் சரியாக இருக்கிறது என்று மூடியிருப்பார்கள். ஒயரைச் சுற்றியிருந்த டேப்பின் பசை உருகிக் கறுப்புக் கோந்தாகியிருந்தது. அதைப் பிரித்து, போல்ட்டில் மாட்டும் உலோக வளையமான லக்குக்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஒயரை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து மடக்கியபோது, சோற்றில் மணல் கடிபட்டதுபோல் உள்ளே நறநறவென்றது. இன்சுலேஷனை பிளேடால் நீளவாக்கில் கீறினேன். பச்சைக் களிம்பு பொடிப் பொடியாக உதிர்ந்தது. அத்தனை இழைகளில் நாலைந்துதான் செம்பு நிறத்தில் மிச்சம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத ஒயருக்குள், லக்கின் வாய் வழியாக ஏறிய வெள்ளத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போய், மாதக்கணக்கில் அரித்திருக்கிறது.

நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புது ஒயர் இணைத்து, லக் போட்டு, ஸ்லீவ் ஏற்றி, பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி முடுக்கி, வாசலின் தடவினேன். பிறகு அளந்தபோது 0.02 வோல்ட். இதற்கு முன்னால் ஒரு கணம் நான் தயங்கியதையும் சொல்ல வேண்டும். பழுது நம் கண்முன் ஒருமுறையாவது நடக்கும் வரை காத்திருந்து, அந்த நேரத்தில் எர்த் விழுகிறதா, சுவிட்ச் விழுகிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுப் பிறகு கைவைப்பதுதான் முறை. முன்பே சரிசெய்துவிட்டால் சாட்சியத்தை நாமே அழித்துவிடுகிறோம். ஆனால் திங்கட்கிழமை விடிவதற்குள் அந்த வண்டி எனக்காக நின்று காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது; அப்படி அரித்துப்போன ஒயரைப் பார்த்த பிறகு டேப்பைச் சுற்றி மூடி வைப்பதும் என்னால் ஆகாது.

சுவிட்சையும் சோதித்தேன். லோடில் 0.2 வோல்ட், சாவியை ஆட்டியும் அசைத்தும் மாறவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லை என்று சொல்ல அது போதாது, குற்றம் சாட்டவும் போதாது. அந்த மாடலுக்குச் சுவிட்ச் சென்னையிலிருந்து வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் அது நடக்காது. அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. சந்தேகத்தின் பேரில் ஒரு பொருளை மாற்றிப் பார்க்க எனக்கு மனமில்லை. அந்த அம்மாவின் காசில் ஏற்கெனவே மூன்று பேர் அதைத்தான் செய்திருந்தார்கள்.

மாலையில் டீச்சரம்மா வந்தார். வெட்டியெடுத்த ஒயரை அவர் கையில் கொடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"இதுதானா தம்பி அது?"

"இது பெரிய பழுதுதாங்கம்மா. சரி பண்ணியாச்சு. ஆனா வண்டிய நிறுத்தினது இதுதானான்னு கேட்டீங்கன்னா, நிச்சயமா சொல்ல முடியாது. என் கையில இருக்கறப்ப வண்டி நிக்கல. சாவி சுவிட்ச் மேலயும் கொஞ்சம் சந்தேகம் இருக்கு."

அவர் ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்டு ஆளுன்னா இதுல அனுப்புவீங்களா?"

"அனுப்புவேம்மா. போன்ல சார்ஜ் இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புவேன்."

இந்த வாக்கியத்தின் பின்பாதியைத்தான் நான் இத்தனை நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அது என் உண்மையான எண்ணம். என் அம்மாவையே அந்த வண்டியில் அனுப்புவதாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அனுப்பியும் இருப்பேன். ஆனால் முன்பாதியை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. சரி தம்பி என்று சொல்லி, ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வாடகைக் காரில் ஜிப்மர் போனார்கள். சிகிச்சை முடியும் வரை வாடகைக் கார்தான். வண்டி வீட்டு வாசலிலேயே நின்று, பிறகு ஒரு புரோக்கர் மூலம், வாங்க வந்தவர் கேட்ட விலைக்கே கைமாறியது. டிரைவருக்கும் வேலை போயிற்று. கடைத்தெருவில் பார்த்தபோது அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்: "நிக்காதும்மா, தைரியமா போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணே. நீங்க சொன்னா கேட்டிருப்பாங்க."

அப்படிச் சொல்லியிருக்கலாமா? என் பக்க நியாயம் தெளிவானது. எனக்கு முன் மூன்று பேர் அந்த வார்த்தையைச் சொல்லி, அவர் அதை நம்பி, நோயாளியோடு சாலையோரத்தில் நின்றிருக்கிறார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாததால்தான் என் வேலைக்கு மதிப்பு. ஆனால் இந்த நியாயத்தை முழுதாகச் சொல்லி முடித்த உடனேயே இன்னொன்றும் தோன்றுகிறது. எர்த்தா, சுவிட்சா என்று பிரித்தறிய வேண்டிய தேவை எனக்குத்தான் இருந்தது, அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியது வண்டி நிற்காமல் போவது. நான் கண்டதை எனக்குள் எடைபோட்டுப் பார்த்தால், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அந்த ஒயர்தான் காரணம் என்றே நினைத்தேன். மிச்சமிருந்த சந்தேகத்தை அவர் தலையில் ஏற்றியது நேர்மையினாலா, நாளை நின்றுவிட்டால் என்னைக் கேட்கக் கூடாது என்ற முன்ஜாக்கிரதையினாலா? அன்றைக்கு என் மனத்தில் அந்த முன்ஜாக்கிரதை இல்லை என்றே நம்புகிறேன்.

சில மாதங்கள் கழித்து அதே வண்டி பவர் விண்டோ வேலைக்காக என்னிடமே வந்தது. பண்ருட்டிப் பக்கம் இப்போது ஓடுகிறது. நம்பரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நடுவில் எங்கேயாவது நின்றதா என்று கேட்டேன். "ஒரு தடவைகூட இல்ல சார்" என்றார் வாங்கியவர். அவரிடம் சொல்லிவிட்டு எர்த்தை அளந்தேன், அதே 0.02. அப்படியானால் நான் பார்த்ததுதான் பழுது, டிரைவர் சொன்னதுதான் சரி, டீச்சரம்மா காசையும் வண்டியையும் இழந்திருக்க வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டே கதவு ஒயரிங்கைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சாவி புதிதாக இருப்பது கண்ணில் பட்டது.

"பழைய சாவி ஒண்ணுதான் இருந்துச்சு சார். அதனால வாங்குன வாரத்துலயே லாக் செட்டையே மாத்திட்டேன். சுவிட்சும் அதோட சேர்ந்தே வந்துடுச்சு."

பழைய சுவிட்ச் இருக்கிறதா என்று அவசரமாகக் கேட்டேன். பழைய இரும்பில் போட்டாயிற்று. அதைப் பிரித்துக் கான்டாக்ட் கருகியிருக்கிறதா என்று பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் சரிசெய்த பிறகு வண்டி வாசலில் சும்மா நின்றது. ஓட ஆரம்பித்தபோது சுவிட்சும் புதிது. எர்த் மட்டும் சரியான அந்த வண்டி பழைய சுவிட்சோடு ஒரு வாரம்கூட முழுதாக ஓடவில்லை.

ஆகவே நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று நான் சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அதில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. டீச்சரம்மாவுக்கு வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கும்போது ஆமாம், இல்லை என்ற இரண்டையும் தாண்டி ஒரு பதில் எனக்குத் தோன்றியிருக்கிறது. நாளைக்கு மீட்டரோடு நானும் கூட வருகிறேன் அம்மா, நின்றால் அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் அந்த வண்டியிலேயே ஏறியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். திங்கட்கிழமை ஒழுங்காகப் போய் வந்திருப்போம். செவ்வாய்க்கிழமைக்கு அவர் என்ன கேட்டிருப்பார் என்பதும் தெரியும். அதற்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.