காலிக் குவார்ட்டர்ஸைத் திறக்கும் முன்

மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்து வேலை போனால், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். பால் மரம் வெட்டிய கை ஓய்ந்த பிறகு சுங்கை சிப்புட் மாதிரி டவுன்களின் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்நடையில், வந்து படுப்பவர்களில் இப்படி வீடிழந்தவர்களும் உண்டு. அதே டவுனில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் (ஊழியர் குடியிருப்பு) பூட்டிக் கிடந்தால் அவர்களுக்காக அதைக் கேட்பது நியாயம். கேட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வீடு யாருடையது என்று பாருங்கள். நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' (அதிகாரபூர்வ நிலப் பதிவுத் தேடல்) எடுத்தால் தெரிந்துவிடும். கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) கூட்டரசு நில ஆணையர் பெயர் இருந்தால் மாநில அரசிடம் மனு கொடுத்துப் பயனில்லை. பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றால் ரயில்வே சொத்துக் கழகத்திடம் போக வேண்டும். தவறான வாசலில் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது வீடு. சுவருக்குச் சாயம் அடிப்பதில் காசைக் கரைக்காதீர்கள். அது கடைசி வேலை. கூரைச் சட்டத்தையும் கதவு நிலையையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் உள்ளே கரையான். பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதை உடைக்கவோ துளையிடவோ கூடாது, உலர்ந்த நிலையில் கழற்றவும் கூடாது.

பூட்டிய வீட்டில் முதலில் களவு போவது செப்புக் கம்பி. மிச்சமிருக்கும் பழைய கம்பியின் உறையும் நொறுங்கிப் போயிருக்கும். ஒட்டுப்போடாமல் முழுவதும் மாற்றுவதே பாதுகாப்பு. பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் வேண்டும். பதிவுபெற்ற ஒயர்மேன் ஜி, எச் எனும் சான்றுப் பாரங்களில் (படிவங்களில்) கையெழுத்திட்டுத் தர வேண்டும். மின் இணைப்புக்கு அவை தேவை.

தண்ணீர்த் தொட்டி 200 கேலன், அதாவது ஏறக்குறைய 900 லிட்டர் என்றால், கழுவி நிரப்பி, 5 விழுக்காட்டுக் குளோரின் கரைசல் 900 மில்லி ஊற்றி, இரவு முழுவதும் விட்டு, குழாய்கள் வழியாக முழுவதையும் வெளியேற்றுங்கள். குந்து கழிவறையை அப்படியே விடாதீர்கள். காலமெல்லாம் மேடு பள்ளம் ஏறி இறங்கிய முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது.

பாரங்களில் பெரும்பாலும் சிக்குவது மைகாட் எனும் அடையாள அட்டை. அது இல்லாமல் சமூகநல இலாகா உதவியும் கிடைக்காது, மின்சாரக் கணக்கும் திறக்க முடியாது. தொலைந்ததற்கு முதல் முறையே 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். கையில் காசில்லாதவருக்குக் கதவு அங்கேயே அடைபடும். அதனால் வீட்டு வேலை தொடங்கும் நாளிலேயே பதிவு இலாகா வேலையையும் தொடங்குங்கள். வாடகைக்கு அளவுகோல் இருக்கிறது: பிபிஆர் எனும் அரசு மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளுக்கு மாதம் 124 வெள்ளி. முதியோர் உதவித்தொகையில் வாழ்பவரிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், ஒருவரை நலக் காப்பகத்தில் 3 ஆண்டுகள் வரை வைக்க இடம் தருகிறது. சொந்த ஊரில் ஒரு சாவி கொடுப்பது அதைவிட மேல். பின்லாந்து 2008 முதல் அப்படித்தான் செய்கிறது: முதலில் வீடு, குடியை நிறுத்துவதும் வேலை தேடுவதும் பிறகு.

சாவி கொடுத்த முதல் வாரம் தினமும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அஞ்சடியில் பழகியவருக்கு மூடிய அறையில் தூக்கம் வராமல் போகலாம். மறுபடி பஸ் ஸ்டேண்டில் படுத்திருந்தால், அதைக் காரணம் காட்டி வீட்டைத் திருப்பி வாங்காதீர்கள்.